பட்டியலில் ஏறாத இரண்டு தட்டுகள்

மின்சாரம் போவதற்குச் சற்று முன்பு எங்கள் பள்ளி நூலகத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மேசைக்கு அடியிலிருந்த ஸ்டெபிலைசர் பெட்டியின் சத்தம் அது. கேட்டதுமே திரையின் பச்சை எழுத்துகள் ஒருமுறை நடுங்கும். அதற்குள் ஃபிளாப்பியில் சேமிக்காவிட்டால் அன்று தட்டியதெல்லாம் போய்விடும். சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ஜன்னல்களை மூடியிருந்த கறுப்புத் துணியும், வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளும் சேர்ந்து, அதுவரை நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அறையைக் குரல் தாழ்த்தி நுழையும் இடமாக்கியிருந்தன. எண்பதுகளின் கடைசியில், சூளகிரியில் நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு அது. நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. கம்ப்யூட்டர் வந்த நாளைப் பற்றி என் நோட்டில் ‘செவ்வாய், மூன்றாம் பீரியட், மழை இல்லை’ என்றுதான் இருக்கிறது.

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்று புது இயந்திரம் வாங்கியபோது பழையதை எங்களுக்குத் தந்தது. வேறு அறை இல்லாததால் நூலகத்தில் வைத்தார்கள். நூலகப் பொறுப்பிலிருந்த தமிழாசிரியை ஜமீலா டீச்சரும், கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான அறிவியல் ஆசிரியர் சேகர் சாரும் ஒரே சாவியைப் பங்கிட வேண்டியிருந்தது. முதல் வாரம் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் திங்கட்கிழமை காலையில் அந்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை ஒரு ‘சீட்டில்’ எழுதி அனுப்புவார். அதற்கேற்ற புத்தகங்களை நாங்கள் தேடிப் புதனன்று வகுப்புக்குக் கொண்டுபோவோம். நூலகத்தின் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்ததால், எல்லாப் புத்தகங்களையும் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ‘மண்’, ‘நீர்’, ‘நோய்’ என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் குறிப்பது, பிறகு சீட்டு வந்தால் இயந்திரமே பதில் சொல்வது என்று முடிவாயிற்று. தட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. புத்தகத்தை எடுத்துப் பெயர் வாசித்துச் சொல்லும் வேலை லட்சுமிக்கு.

லட்சுமி சானமாவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். வீட்டில் பேசுவது தெலுங்கு. லாரி ஓட்டிய அவள் அப்பா அவளுக்குத் தெலுங்கு எழுத்தைக் கற்பித்திருந்தார். கன்னட எழுத்தைப் பெங்களூர் பஸ்களின் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டாள். தமிழ்ப் பாடத்தில் மட்டும் தட்டுத்தடுமாறுவாள். ஒரு காலத்தில் அந்தப் பள்ளியில் மூன்று மொழிப் பிரிவுகளும் இருந்ததன் மிச்சமாகக் கீழ் இரண்டு தட்டுகளில் தெலுங்கு, கன்னடப் புத்தகங்கள் கிடந்தன. அவற்றில் ஒரு தடித்த தெலுங்கு நாவலை மதிய இடைவேளைகளில் அவள் படித்துவந்தாள். விட்ட இடத்தில் பஸ் டிக்கெட் வைத்திருப்பாள். கம்ப்யூட்டரில் தெலுங்கு எழுத்து வராது, எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று நான் பெருமையாகச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“உன் மிஷினுக்குத் தெலுங்கு வராதா? எங்கூட்டு மாட்டுக்கே வருமே புள்ள!”

கீழ்த்தட்டுகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவான வாரத்தில், சானமாவுப் பக்கம் காட்டு யானைகள் ஊருக்குள் இறங்கின. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று லட்சுமியின் இடம் காலியாகவே இருந்தது. நான் கீழ்த்தட்டின் முன் குந்தி, ஒரு புத்தகத்தை விரித்து, வட்டவட்டமான எழுத்துகளைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். வியாழன் மதியம் சேகர் சார் வாசலில் நின்று கேட்டார்.

“என்னம்மா, மொத்தமும் ஏத்தியாச்சா?”

“முடிஞ்சிடுச்சு சார்.”

நான் சொன்னது அவ்வளவுதான். லட்சுமி வந்ததும் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

விழா நன்றாக நடந்தது. ஓரத்தில் ஓட்டை வரிசை போட்ட நீளத் தாளில் பட்டியல் அச்சாகி வந்தது. தலைமையாசிரியர் அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். மறுநாளிலிருந்து அறைக்குப் பூட்டு. லட்சுமி திரும்பி வந்தபோது, மேல்வகுப்புக்காரர்களைத் தவிர யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றாகியிருந்தது. அவள் நாவலைக் கேட்டாள். சாவி கிடைக்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை.

பொதுத்தேர்வுப் பணிக்காக ஜமீலா டீச்சர் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்த ஏப்ரலில், பள்ளிக்கு இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வருவதாகச் செய்தி வந்தது. அறையில் இடம் வேண்டும். நானும் லட்சுமியும் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் என்னை அழைத்தார். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் தரையில் சரிக்கப்பட்டிருந்தன. வெளியே பழைய பேப்பர்க்காரரின் டெம்போ உறுமிக்கொண்டிருந்தது.

“நீதானே டைப் அடிச்ச புள்ள? இதெல்லாம் லிஸ்ட்ல இருக்குதா?”

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அல்லது என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, தேவையே இல்லாத இடத்தில் வந்த உண்மை.

“இல்ல சார்.”

“அப்போ ஸ்கூலோடது இல்ல. எடுப்பா.”

கட்டுகள் வண்டியில் ஏறியதும் லட்சுமி ஓடிப்போய் டெம்போவின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, அந்தத் தடி புக்கு மட்டும். பஸ் டிக்கெட்டு வெச்சிருக்கேன், பாருங்கண்ணா!”

“கட்டுப் போட்டாச்சு கண்ணு, அவுக்க முடியாது. கைய எடு, வண்டி நவுருது.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “எங்கிட்ட சொல்லியிருந்தா எல்லாப் பேரையும் ஒரே நாள்ல படிச்சுச் சொல்லியிருப்பேனே புள்ள” என்றாள். திட்டவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் பாகலூர்ப் பக்கம் அத்தை வீட்டிலிருந்து கன்னடப் பள்ளிக்குப் போகிறாள் என்றார்கள். தேர்வுப் பணியிலிருந்து திரும்பிய ஜமீலா டீச்சர் காலியான கீழ்த்தட்டுகளைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைச் சீட்டுகளை வாங்குவதை நிறுத்தினார். சேகர் சார் அவரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தார். பிறகு சாவி சேகர் சாரிடம் மட்டுமே இருந்தது.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். நூலக அறையில் வரிசையாகத் திரைகள். ஸ்டெபிலைசரும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை. சீட்டு அனுப்பும் வழக்கம் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. அலமாரிகள் எங்கே என்று கேட்டதற்கு இளம் ஆசிரியை ஒருவர், “எல்லாம் சிஸ்டத்துல இருக்குங்க” என்றார்.

அச்சடித்த அந்தப் பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. புத்தகங்களுக்கு இயந்திரம் தானாகவே வரிசை எண் கொடுத்திருந்தது. ஒன்றிலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். ஓர் எண்கூட விடுபடவில்லை.