தொடைநடுங்கி என்று கூப்பிட்டார்கள்

இராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில், ஒரு காலையில் மில் தொழிலாளி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே சாரல். மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர். தலையிலும் புருவத்திலும் மில் பஞ்சு ஒட்டியிருந்ததால், அவரும் அந்த மேகத்திலிருந்து இறங்கி வந்தவர் போலவே தெரிந்தார். இரண்டு கையாலும் தொடைகளை அமுக்கிப் பிடித்திருந்தார்.

பின் சீட்டில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் இருந்தார்கள்.

"ஏலே தொடைநடுங்கி! கோர்ட்டு வாசலப் பாத்ததும் அடுத்த பஸ்ல திரும்பிருவல்லா?" என்று ஒருவர் கத்தினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் திரும்பவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கூட வேலை பாக்கிற பிள்ளைக்கு மிஷின்ல விரல் போயிருச்சு, அண்ணாச்சி. பாத்தவன் நான் ஒருத்தன்தான். மொதலாளிக்கு எதிரா சாட்சி சொன்னா என் வேலை போயிரும்."

"பயமா இருக்கா?"

"தொடையில கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். ஓடுகிற இஞ்சினைத் தொட்டதுபோல் இருந்தது.

"அவங்க சொல்லுதது நெசந்தான். அது பாட்டுக்கு நடுங்கட்டும், நான் எம்பாட்டுக்குப் போறேன்."

கோர்ட்டு நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார். சாரலுக்குள் நடந்து, ஒரு தடவை நின்று, பிறகு வாசலுக்குள் போய்விட்டார். பின் சீட்டில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, கோழை, பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி என்று பயப்படுகிறவருக்கு நம்மிடம் எத்தனையோ பெயர் இருக்கிறது. பயந்துகொண்டே உள்ளே போனவருக்கு என்ன பெயர்? எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.