நான்காவது குழல்

மரக்காணத்து உப்பளத்தில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் இருட்டைக் காவல் காப்பது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன், செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன், இறால் குட்டையில் தீனி போட்டிருக்கிறேன். எங்கும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. இருட்டுக்குக் காவல் என்றதும் சிரிப்பு வந்தது. சாப்பாடு உண்டு என்றார்கள், சேர்ந்துவிட்டேன்.

வேலை கொடுத்தவர் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். சென்னையிலிருந்து வேன் வைத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். உப்பு மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கருப்புத் தாள் சுற்றிய நான்கு பிளாஸ்டிக் பலகைகளைச் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு பலகையின் நுனியிலும் ஒரு கண்ணாடிக் குழல். கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன வெளிச்சத்தையும் அது பிடித்துவிடுமாம்.

“வானத்துலேர்ந்து எந்நேரமும் மியூவான்னு ஒரு துகள் விழுந்துகிட்டே இருக்கு அண்ணா. பலகைக்குள்ள பூந்தா ஒரு மின்னல் மாதிரி வரும். அதைக் குழல் பாக்கும்” என்றார்.

“பாத்து?”

மியூவான் ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது, உடைந்துவிடும் என்றார். எப்போதும் ஒரே மாதிரிதான் உடைகிறது. ஆனால் கோடானுகோடியில் ஒன்று வேறு மாதிரி உடையலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதைத் தேட வெளிநாட்டில் ஒரு பெரிய இயந்திரம் கட்டுகிறார்கள். வானத்திலிருந்து விழுகிற துகள் எதுவும் அதற்குள் நுழைந்து ஏமாற்றிவிடக் கூடாது. அதனால் இயந்திரத்தைச் சுற்றிக் காவல் பலகைகள் வைக்க வேண்டும். அந்தக் காவலுக்கு இவருடைய பலகைகள் தகுமா என்பதுதான் கேள்வி. எத்தனை துகளைப் பிடித்தது என்பதைவிட எத்தனையைத் தவறவிட்டது என்பதுதான் கணக்கு. தவறுவது மிகவும் அரிது என்பதால் நடுவில் நிறுத்தாமல் வாரக்கணக்கில் ஓட வேண்டும். நின்றால் முதலிலிருந்து.

உப்பளத்துக்கு ஏன் வந்தார் என்பதற்கும் காரணம் இருந்தது. மலை இல்லை, கட்டடம் இல்லை, நாலு பக்கமும் வானம் தரையில் வந்து உட்காருகிறது. சாய்வாக வரும் துகளுக்குத் தடையே இல்லை.

உப்புக்காற்றில் ஒட்டுநாடா நிற்கவில்லை, கருப்புத் தாளின் ஓரங்கள் பிரிந்துகொண்டே இருந்தன. கடைசியில் அளத்து முதலாளியைக் கேட்டு, உப்பு மூடுகிற கனமான கருப்புத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தினோம். அன்று மேடம் ஒன்று சொன்னார்.

“வோல்டேஜ் இருக்கும்போது பாயைத் தூக்கவே கூடாது அண்ணா. பகல் வெளிச்சம் பட்டா குழல் செத்துடும். எங்க சார் இரவல் கொடுத்தது, வேற கிடையாது. ஒண்ணு போச்சுன்னாலும் சோதனை முடியாது, வெளிநாட்டுல எங்க பலகைய எடுத்துக்க மாட்டாங்க. அவ்ளோதான்.”

வோல்டேஜ் கொடுக்கும் பெட்டியில் குழலுக்கு ஒன்றாக நான்கு திருகுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே அளவு காட்டும் ஒரு முள். பாயை எடுக்க வேண்டி வந்தால் முதலில் திருகுகளை ஒவ்வொன்றாக மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

ஓட்டம் தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. சித்திரை வெயிலில் உப்பு நன்றாக விளைந்திருந்தது. வரப்பெல்லாம் வெள்ளைக் குவியல்கள், லாரிக்குக் காத்துக்கிடந்தன. ஒரு மத்தியானம் இன்வெர்ட்டருக்கு பேட்டரித் தண்ணீர் வாங்க மேடம் ஊருக்குள் போயிருந்தார். காற்று சட்டென்று நின்றது. வெளியே வந்து பார்த்தேன். மேற்கே வானூர்ப் பக்கம் வானம் கருங்கல் மாதிரி இருந்தது.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் ஏறிவிட்டால் கண்ணில் படுகிற பாய் எல்லாம் உப்புக்குத்தான். யாருடையது என்று கேட்பதில்லை. டீக்கடைப் பந்தல் பாயைப் பாதி டீயில் உருவிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரியான அக்கா முன்னால் வந்தார், பின்னால் மூன்று பெண்கள். உப்பு வாரிய கையோடு, முட்டிவரை வெள்ளை பூத்த கால்களோடு.

“ஏம்பா, பாயை எடு.”

“அக்கா, இதை எடுக்கக் கூடாதுக்கா. உள்ள கரண்ட்டு ஓடுது.”

“உன் கரண்ட்டு ஓடட்டும். என் உப்பு ஓடிடும். இது எங்க பாய்தானே?”

“உங்க பாய்தான். மேடம் வந்துடட்டும்.”

“மேடத்துக்குச் சொல்றேன், மழைக்கு யார் சொல்றது?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அவசரத்திலும் சிரிப்பார்கள் அந்தப் பெண்கள்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வோல்டேஜைக் குறைத்தால் இத்தனை வார ஓட்டம் நின்றுபோகும். குறைக்காமல் நின்றால் வரப்பில் இருக்கும் உப்பு கரைந்து போகும். வெயிலில் அதை வாரியவர்கள்தான் என் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் நில்லுங்க. குறைச்சிட்டு நானே தர்றேன்” என்று பெட்டிமுன் உட்கார்ந்தேன்.

முதல் திருகு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதைத் திருப்பும்போது கூரையில் பொட்டென்று முதல் துளி விழுந்தது. மூன்றாவது முள் அடியில் படுத்த நேரம், மறுமுனையில் பாய் மேலே எழுந்தது. அவர்கள் என்னைக் கேட்காமல் இல்லை. துளி விழுந்த பிறகு யாருக்கும் காத்திருந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாகப் பலகைமேல் விழுந்தது. நான்காவது முள் எகிறி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. திருகைத் தொடவில்லை, ஒயரையே பிடுங்கிவிட்டேன்.

அடுத்து மழை. கீற்று ஒழுகியது. என் பையைக் கவிழ்த்து, லுங்கி, சட்டை, போர்வை எல்லாவற்றையும் பலகைகள்மேல் விரித்தேன். வெளியே பெண்கள் பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத மழை.

மழை விட்டபோது கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திட்டு வாங்கி ஒரு வேலையை விட்டதில்லை நான், அதற்கு முன்பே போய்விடுவேன். ஈசிஆர் பக்கம் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஆனால் துணியெல்லாம் பலகைமேல் கிடந்தது. அதை எடுத்தால் வெளிச்சம் விழும். இடுப்பில் இருந்த ஒற்றைக் கைலியோடு பஸ் ஏற முடியாது. உட்கார்ந்தேன்.

மேடம் நனைந்துகொண்டே வந்தார். என் போர்வையைப் பார்த்தார், பிடுங்கிய ஒயரைப் பார்த்தார்.

“வோல்டேஜ்?”

“மூணு குறைச்சிட்டேன். நாலாவதுக்கு முன்னாடியே பாய் எழுந்துடுச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“ஒயரைப் பிடுங்கற நேரம்.”

அவர் திட்டவில்லை. குழலைத் தொடவும் இல்லை. வாசலில் போய் முதுகு காட்டி நின்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மேஸ்திரி அக்கா பாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். கல் அழுத்திய இடங்களில் ஓட்டை. போர்த்தியதும் மேடம் டார்ச்சும் இல்லாமல் உள்ளே நுழைந்து குந்திக்கொண்டார். வெளிச்சம் தெரியும் இடத்தில் விரலால் குத்துவார், நான் வெளியிலிருந்து அங்கே கருப்புத் துண்டு ஒட்டுவேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி அக்காவும் புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். “இங்க பாரு, இங்க ஒண்ணு. யம்மா, சல்லடை மாதிரி இருக்குது!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

பிறகு, பட்ட வெளிச்சம் தணியட்டும் என்று குழல்களை இருட்டிலேயே விட்டு வைத்தோம். அடுத்த நாள் வோல்டேஜ் ஏற்றினார். முதல் மூன்றும் பழைய இடத்தில் நின்றன. நான்காவது முள் நடுங்கிக்கொண்டே மேலே ஏறியது. மேடம் திருகைக் கீழே இறக்கினார். “இன்னும் காத்திருப்போம்” என்றார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மறுபடி ஏற்றியபோது முள் ஏறி, ஆடி, இறங்கி, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் நின்றது. ஒரு மயிரிழை அதிகம். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

“உயிர் இருக்கு. வெளிச்சம் இல்லாமலே கொஞ்சம் சத்தம் போடுது. இத வெச்சு ஓட்டலாம்.”

“பழைய வாரமெல்லாம்?”

“சேத்துக்க முடியாது. முதல்லேர்ந்து.”

மேஸ்திரி அக்கா வாசலில் நின்றிருந்தார். “அதான் பொழைச்சிடுச்சே. ஆனா மழை இன்னும் இருக்குது பாப்பா. வந்தா திரும்ப எடுப்போம், இப்பவே சொல்லிட்டேன்.”

“எடுங்கக்கா. அண்ணா சரின்னு சொன்னதும் எடுங்க.”

“இவன் சரின்னு சொல்ற வரைக்கும் மேகம் நிக்குமா?”

 மேடம் கணக்கைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நான் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பையை மூலையில் மாட்டினேன். பெட்டியைக் கொட்டகை வாசலுக்கு இழுத்து, வானூர்ப் பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தேன். திருகும் வானமும் ஒரே பார்வையில் தெரிந்தன. மேற்கே சின்னதாக ஒரு மேகம் இருந்தது. நான்காவது திருகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.