வாத்தியார் பின் சீட்டுக்குப் போன கதை

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். எல்லோருக்கும் அவர் பிரேக் வாத்தியார். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல்தான் எப்போதும் அவர் கால். ஓட்டுபவர் பெருமூச்சு விட்டாலே மிதித்துவிடுவார். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மனசு மட்டும் பஞ்சு. தேர்வில் தோற்றவர்களுக்கு இலவசமாகவே மறுபடி சொல்லிக்கொடுப்பார்.

அன்று காலை தையல்கடை அக்காவுக்குப் பாடம். ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். வளைவில் கியர் மாற்றத் தடுமாறி வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்.

“நகருங்க. எப்படின்னு நான் காட்டறேன்” என்று வாத்தியார் இடம் மாறி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். ஒரு கையில் போன், மறு கையில் ஸ்டியரிங், நடுநடுவே அக்காவுக்கு கியர் பாடம். அப்படியே ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பினார். அது ஒருவழிப் பாதையானது அவருக்குத் தெரியாததல்ல. புதுப் பலகையை முந்தின நாள்தான் எல்லோருக்கும் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார்.

எதிரே போக்குவரத்துப் பெண் காவலர் கையைக் காட்டினார். அவரும் இதே காரில் திட்டு வாங்கியவர்.

“சார், நீங்களா?”

“ஒரு அவசரத்துல...” என்று இழுத்த வாத்தியார், தானே நிறுத்திக்கொண்டார். “எழுதும்மா. வேற யாராவதா இருந்தா விடுவியா?” என்று லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

எதிர்த்திசையில் வந்ததற்கு அபராதம். போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

இப்போது வண்டியை யார் ஓட்டுவது? வாத்தியார் ஓட்டக்கூடாது. அக்காவிடம் இருப்பதோ பழகுநர் உரிமம். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மூவரும் காரைச் சுற்றி நின்று முழித்தார்கள். நல்லவேளை, காவலருக்கு மாற்று ஆள் வந்துவிட்டார்.

“அக்கா ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். நீங்க பின்னாடி ஏறுங்க சார். வாயைத் திறக்கக் கூடாது.”

வாத்தியார் முதல்முறையாக அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தார். கால் பழக்கத்தில் தரையை மிதித்தது; அங்கே ஒன்றுமில்லை. காவலர் பாட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், வளைவில் சத்தமே இல்லாமல் கியர் மாற்றினார். பயிற்சிப் பள்ளி வாசலில் வண்டி குலுங்காமல் நின்றது.

“இத்தனை நாள் ஏங்க இப்படி ஓட்டல?” வாத்தியாருக்குக் குரல் இறங்கிவிட்டது.

“நீங்க கத்தினா கை நடுங்குது சார். கோச்சுக்காதீங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். “மூணு மாசம் பள்ளியை மூடிட வேண்டியதுதான்” என்றார்.

“எதுக்கு மூடணும்? எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு, ஞாபகம் இருக்கா? என் போனாலதான் எல்லாம் ஆச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. நான் சொல்லிக்கொடுக்கறேன்.”

அப்படித்தான் நடந்தது. அக்கா முதல் தேர்விலேயே தேறினார். லைசென்ஸ் திரும்பி வந்த பிறகும், “மேடம்தானே வருவாங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் சேர்ந்தார்கள். வாத்தியாருக்கு அதில் பெருமைதான். காலை வகுப்பை மனைவிக்கே விட்டுவிட்டார். மாலை வகுப்பு அவருடையது. அதற்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள்: இன்னமும் திட்டத்தான் செய்கிறாராம், ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்ன பிறகுதான்.