மௌனத்துக்கும் லைனில் இடம்

ஜெயஷீலாவுக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அவர் பங்கையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். பாறசாலைக்காரி. 2004இல், தம்பானூரில் ஒரு மாடியறையில் இயங்கிய நெட்வொர்க் நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சாலை என்னும் கடைவீதியில் தங்கப்பன் முதலாளியின் புளி மொத்தக்கடைக்கு அவள் போட்ட போன்கள் ஒழுங்காக ஓடி, அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைக்கும் கோட்டாற்றுக் கிளைக்கும் நடுவே ஒரே லைன். பில் போடும் கம்ப்யூட்டர்களும் நான்கு போன்களும் அதிலேயே போயாக வேண்டும். குரலைச் சுருக்காமல் அனுப்பினால் ஒரு போனே பாதி லைனுக்கு மேல் விழுங்கிவிடும். அதனால் சுருக்கினாள். அதுவும் போதாமல், யாரும் பேசாத நேரத்தில் எதையும் அனுப்ப வேண்டாம் என்று ஒரு செட்டிங்கும் போட்டாள். பேசாத பேச்சுக்கு எதற்கு இடம்? நான்கு போனும் ஓடின, பில்லும் ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டு விட்டார்.

"மக்ளே, இது என்ன ஏற்பாடாக்கும்? வெலை பேசிட்டு இருக்கும்போ எதிராளி போனை வச்சிட்டுப் போறான். மூணு லோடு புளி போச்சு. சாயங்காலத்துக்குள்ள சரியாக்கணும். இல்லெங்கி எல்லாத்தையும் கழட்டிட்டுப் போ."

ஒயரை மாற்றினாள், ரிசீவரை மாற்றினாள். குரல் தெளிவில்லையோ என்று சுருக்கத்தை எடுத்துப் பார்த்தாள். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது; ஆனால் கோட்டாற்றில் பில் அப்படியே நின்றுவிட்டது. அங்கே பில் போடும் சற்குணம் போனில் கத்தினாள். ஜெயஷீலா மறுபடியும் குரலைச் சுருக்கினாள். மணி நாலு.

கடைசியில் முதலாளியின் மேசையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். கோட்டாற்றுக் கிளையில் உட்கார்ந்து தரகர் வன்னியராஜ் விலை சொன்னார். முதலாளி பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தலைக்கு மேல் ஃபேன் கறகறத்தது. ரிசீவரில் மட்டும் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அண்ணாச்சி? லைன்ல உண்டா? ஹலோ!" வன்னியராஜ் டொக்கென்று வைத்துவிட்டார்.

"நீங்க ஏன் முதலாளி ஒண்ணும் சொல்லல்ல?"

"சொல்லாம இருந்ததாக்கும் சொன்னது. வெலை கூடுதல்னு வாயால சொன்னா வழக்கும் சண்டையுமாகும். சும்மா இருந்தா அவனே எறங்கி வருவான். சாலைக் கடைவீதியில எல்லாரும் இப்பிடித்தான்."

ஜெயஷீலாவுக்குச் சுரீரென்றது. அவர் செய்யும் பேரத்தையே அவள் வீண் என்று வெட்டி எறிந்திருக்கிறாள். அவர் மூச்சும் ஃபேன் சத்தமும் அங்கே கேட்டால்தானே ஆள் இருப்பது தெரியும்! பேசாத நேரத்தை வெட்டும் அந்த செட்டிங்கை எடுத்தாள். லைன் நிரம்பி, பில் தவழ்ந்தது. வேறு வழியில்லாமல் நான்காவது போனைக் கழற்றினாள்.

வன்னியராஜுக்குத் திரும்பப் போன் போட்டார்கள். முதலாளி கண்ணை மூடினார். எட்டு விநாடி.

"சரி அண்ணாச்சி, ஒரு ரூவா கொறைச்சுக்கிடலாம்."

போனை வைத்ததும் ஜெயஷீலா உள்ளதைச் சொல்லிவிட்டாள். "என் தப்பு முதலாளி. நாலு போன்னு சொன்னேன். மூணுதான் ஓடும்."

முதலாளி அவளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நாக்கு துடித்தது. ஒரு வருஷம் இலவசமாகப் பார்த்துத் தரலாம், மாதக் கட்டணத்தைக் குறைக்கலாம், எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. ஆடிய முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளும் சும்மா இருந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளி கண்ணைத் திறந்து பேனாவை எடுத்தார்.