எல்லாரும் கிளறிய சட்னி

அம்மா இருந்தா. அப்பா இருந்தார். துறைமுகத்தில் வேலை, அன்று ஞாயிறு என்றபடியால் வீட்டில். அக்கா இருந்தாள். நான் இருந்தேன், ஏழு வயது. அம்மாவின் தம்பி, மாமாவும் இருந்தார். மன்னாரிலிருந்து வந்து பத்து நாள். தை மாதம் வெளிநாட்டுப் பயணம்.

அப்போது கொழும்பில் தமிழர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். மாமாவைப் பதியவில்லை. வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பதியாதவர் பிடிபட்டால் உள்ளேதான். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் நத்தாருக்கு, யேசு பாலன் பிறப்புக்கு, மஞ்சள் சோறு. அதோடு அன்னாசிச் சட்னி. பேரீச்சம்பழம், இஞ்சி, உள்ளி, காய்ந்த மிளகாய், வினாகிரி, சீனி. சாப்பிடப்போகிற எல்லாரும் ஒருக்கால் கிளற வேண்டும். அது அம்மாவின் சட்டம்.

மாமா கரண்டியை விடவில்லை.

"அக்கா, கிளறினாக் காணுமோ? ருசி பாக்க வேண்டாமோ?"

"கையை எடடா. நக்கியே முடிச்சிடுவாய்" என்றா அம்மா.

கதவில் தட்டினார்கள். மாமா பின் அறைக்குள் போனார். அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டா.

பொலிஸ் இரண்டு பேர். அப்பா பதிவுத் தாளைக் காட்டி, நாலு பேர் என்று சிங்களத்தில் சொன்னார். மூத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இளையவர் போகிற போக்கில் மூக்கை உறிஞ்சி, நல்ல வாசம், யார் சமைத்தது என்று என்னைக் கேட்டார்.

எங்கள் ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் நல்லாய் வரும். எல்லாரும்தான் கிளறினோம், ஐந்து பேர் என்றேன். விரல்களையும் விரித்துக் காட்டினேன்.

மூத்தவர் திரும்பவும் தாளைக் கேட்டார்.

அப்பா வாய் திறக்க முதல் மாமா தானே வெளியில் வந்தார். சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"பரவாயில்லை அத்தான். நான் போயிட்டு வாறன்."

போகும்போது என் தலையைத் தடவினார். என் சிங்களத்தை மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

சட்னி அடிப்பிடித்துவிட்டது. அம்மா மேலாக வழித்துப் போத்தல்களில் போட்டா. அப்பா அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். தனியத்தான் வந்தார்.

அன்று இரவு அக்கா என்னைப் பார்த்து, "உனக்கு வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதா?" என்றாள். அம்மா அக்காவுக்கு ஓங்கி ஒன்று போட்டா.

"அவளுக்கு என்னடி தெரியும்? இனி இந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம்."

அக்காவுக்கு ஏன் அடி விழுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவுமில்லை.

நத்தாருக்குச் சட்னி கொஞ்சம் கைத்தது. எல்லாரும் போட்டுச் சாப்பிட்டோம். ஒரு போத்தலை அம்மா அலுமாரியின் மேல் தட்டில் வைத்தா. எங்களைத் தொட விடவில்லை. நல்லாய் ஊறட்டும் என்று வைத்திருக்கிறா என்றுதான் நினைத்தேன். மாமா விடுபட்டு வந்த அன்றுதான் அதைத் திறந்தா.

எட்டு மாதம்.