சத்தம் கேட்டால் வரும் அணில்

“ஆவணி 9, புதன். அணில் குஞ்சு ஒன்று. கண் திறக்கவில்லை. வலது காதில் சிறு வெட்டு.”

தினசரி காலண்டரில் அன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு வேம்பில் மின்கம்பியில் உரசிய கிளையை வெட்டியபோது கூட்டோடு விழுந்தது. கூட இருந்த இரண்டும் பிழைக்கவில்லை.

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் நானும் மனைவியும் மாறிமாறிப் புகட்டினோம். வளர வளர வேளைகளைக் குறைத்து, மாலையில் ஒரு வேளைக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் ஐந்து மணிக்கு மாதிரி வெடி போட்டுப் பார்ப்பார்கள். முதல் சத்தத்துக்கே கடலையோடு கூண்டருகே போய்விடுவேன். தாள் தாளாக ஒரே குறிப்பு: “வெடி. உணவு.” ஒருநாள்கூடப் பிசகாததில் எனக்குப் பெருமை.

புரட்டாசிக் கடைசியில் வேம்பில் விட்டோம். பகல் முழுதும் மேலேயே திரிந்தது. ஐந்து மணிக்கு வெடித்ததும் மைனாக்கள் கலைந்தன; மற்ற அணில்கள் கிளையோடு ஒட்டிக்கொண்டன. எங்களுடையது மட்டும் இறங்கி, சத்தம் வந்த மதிலை நோக்கி ஓடியது. துண்டைப் போட்டுப் பிடித்தேன்.

“எல்லா அணிலும் வெடிச்சா ஒளியும். நீங்க வளர்த்தது பந்திக்கு முந்துது,” என்றாள் மனைவி. கொஞ்சம் கழித்து, “மதிலுக்கு அங்கிட்டுப் போயிருந்தா?” என்றாள்.

மறுபடி கூண்டு. உணவைக் காலைக்கு மாற்றியும் பழக்கம் மாறவில்லை. சீசன் உச்சத்தில் வெடி ஐந்து மணியோடு நிற்கவும் இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் கம்பிக்கதவில் மூக்கை வைத்து நின்றது. வெளியூரில் விடலாமென்றால், தீபாவளிக்கு வெடிக்காத ஊர் எது?

தீபாவளியன்று ஜன்னல்களைப் போர்வையால் அடைத்து, உள்ளறையில் அதோடு நாங்களும் உட்கார்ந்திருந்தோம். சத்தம் கேட்டதும் காலித் தட்டுக்கு ஓடும், கதவுக்கு வரும், அடுத்த சத்தத்துக்குத் திரும்பவும் தட்டுக்கு. கடலை வைத்தால் பழக்கம் இறுகும். வைக்காவிட்டால் ஓட்டம் நிற்காது. மதியத்துக்குள் கம்பியில் உரசி மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அன்றைய தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்தபின், அவை மறுபடி திறக்கும் முன்பே விருதுநகரில் மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கொல்லையில் பெரிய புளியமரம்.

“இங்கன ரயில் சத்தந்தான் மாப்ளே,” என்றார் அவர். “அதுக்கு யாரும் சோறு போட மாட்டாக.”

கார்த்திகை 4, காலையில் கூண்டைத் திறந்தேன். திறந்த கதவுக்கு உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு மரமேறியது.

தை மாதம் அவர் போன் செய்தார். தெருவில் ஒரு கல்யாண வீட்டில் சரவெடி போட்டார்களாம். புளியமரத்திலிருந்து அணில் ஒன்று இறங்கி, வாசல்வரை வந்து நின்றதாம்.

“வலது காதைப் பார்த்தீகளா மச்சான்?”

“அணிலுக்குக் காதையா பார்ப்பாக? கையைத் தட்டி விரட்டிவிட்டேன்.”

அதன்பின் அங்கே போய் இரண்டு முறை மரத்தடியில் காத்திருந்தேன். அணில்கள் நிறைய, காது தெரியும் தூரத்துக்கு ஒன்றும் வரவில்லை. வெடி கொளுத்திப் பார்க்க மனம் வரவில்லை.

போன் வந்த அன்றைய தாளில் எழுதியிருப்பது: “விருதுநகர். சரவெடி. அணில் ஒன்று. காது வெட்டு: சரிபார்க்கப்படவில்லை.”