எங்களுக்கு இல்லாத பெரியப்பா மகன்

என் தம்பியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் அவன் காதைப் பற்றித்தான் சொல்வேன். இருநூறு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடுகிற கூடத்தில், கதவுப் பக்கம் நின்றபடியே, மூன்றாவது வரிசை ஏழாவது மெஷினில் ஊசி வளைந்திருக்கிறது என்பான். போய்ப் பார்த்தால் வளைந்திருக்கும். சீருடை தைக்கிற அந்தக் கம்பெனியில் அவன்தான் மெக்கானிக். அப்புறம் அதே காதில், மெஷின்கள் ஓடாத நேரத்திலும் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு பகல்நேர மனநல மையம் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் அதைச் சொல்லப்போவதில்லை.

கடைசி மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறான். அவன் மாத்திரையை நான் ஞாபகப்படுத்துவதில்லை, என் பிரஷர் மாத்திரையை அவன்தான் ஞாபகப்படுத்துகிறான். போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. புது மெக்கானிக் தொட்ட மெஷினெல்லாம் படுத்துவிட்டதாம். திரும்ப வருகிறாயா என்று கேட்டார்கள். ஒரே ஒரு காகிதம் மட்டும் வேண்டும், இவன் நாலு பேரோடு கலந்து வாழத் தயார் என்று மையம் தருகிற சான்று. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தம்பி அன்றைக்கே பரணிலிருந்து ஸ்க்ரூடிரைவர்களை இறக்கி, எண்ணெய் விட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டான். ஏழு வருஷத்தில் அவன் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மையத்தில் ஒரு மேடம் இருக்கிறார். தங்கமான மனுஷி. ஆனால் படிவம் என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒன்பது பக்கம். சமைப்பானா, சமைப்பான். பஸ்ஸில் தனியாகப் போவானா, போவான். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் பாக்கி. நண்பர் ஒருவரின் கையெழுத்து. அந்த நண்பர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, மையத்து ஊழியராக இருக்கக் கூடாது, மையத்துக்கு வருகிறவராகவும் இருக்கக் கூடாது. இவன் யார் என்று தெரிந்து ஆறு மாதமாவது பழகியிருக்க வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம். ஏழு வருஷமாக இவனை இந்த நாலு சுவருக்குள் உட்கார வைத்துவிட்டு, வெளியில் நண்பன் எங்கே என்று கேட்டால் மரத்திலிருந்தா பறித்து வருவான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். மேடம் அசரவில்லை. அதற்காகத்தானே நட்புப் பயிற்சி நடத்தினோம் என்றார். நடத்தினார்கள், நானும் பார்த்தேன். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, கை குலுக்குவது எப்படி, எத்தனை விநாடியில் கையை விடுவது என்று நாலு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி பலித்துவிட்டது. எட்டுப் பேரும் எட்டுப் பேருக்கும் உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். எட்டுப் பேருமே மையத்துக்கு வருகிறவர்கள் என்பதால் ஒருத்தர் கையெழுத்தும் ஒருத்தருக்குச் செல்லாது.

வெளியில் வந்ததும் தம்பி நிதானமாகச் சொன்னான், தனக்கு ஒரு நண்பர் இருக்கிறார் என்று. எங்கள் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர். ஐயோ, அவர் மட்டும் வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வெளிநாட்டில் பெரிய தையல் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று தெருவில் கதை அளந்துவிட்டேன். வாய் தானாக அளந்தது. மூன்று மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்து நின்றான். மாத்திரையில் உடம்பு பெருத்திருந்தது, மீசை இல்லை. யாரு இது என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதும், எங்க பெரியப்பா மகன் என்றேன். எங்களுக்குப் பெரியப்பாவே கிடையாது.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பினான் என்று தெருவுக்கெல்லாம் சோப்புக் கொடுப்பேன். வாங்குவது எதிரே இருக்கிற மளிகைக் கடையில். கடைக்காரருக்கும் ஒன்று கொடுப்பேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, வெளிநாடுன்னா வெளிநாடுதாம்மா என்பார். உங்க தம்பி எப்படி இருக்கார் என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்கிற தம்பியே, சௌக்கியமாம், போன வாரம் பேசினான் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லுவான். அவனுக்கு அவ்வளவு பொறுமை.

இப்போது மேடம் கேட்பது இவன் யார் என்று தெரிந்து பழகிய ஆள். இஸ்திரிக்காரர் பழகியது பெரியப்பா மகனோடு. மையம் விட்டதும் தம்பி தினமும் அங்கே போய் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுப்பான். சட்டையில் முதலில் காலரைத் தேய்ப்பதா கையைத் தேய்ப்பதா என்று ஆறு வருஷமாக இருவரும் சண்டை போடுகிறார்கள். இன்னும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரியப்பா மகன் ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம், மறுநாள் தம்பி மீசையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கட்டும். மீசைக்கு என்ன செய்வது, ஆறு மாதப் பழக்கத்துக்கு எங்கே போவது என்ற இரண்டு சந்தேகம்தான் பாக்கி. தம்பி கடைசி வரை கேட்டான். கோபப்படவில்லை.

"அக்கா, நான் நானாவே வேலைக்குப் போறேனே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவனுக்கு நோய் வந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அவன் பெயரைத் தெருவிலிருந்து எடுத்தது நான்தான். அவனுக்காக அல்ல, எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் எடுத்தேன். இதை அன்றைக்குத்தான் எனக்கே ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் படிவத்தை மடித்துக்கொண்டு தனியாக இஸ்திரிக் கடைக்குப் போனேன். துணி எடுக்கவா என்றார். இல்லை அண்ணே, ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, வெளிநாடு, பெரியப்பா, சோப்பு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். அவர் ஒரு சட்டையின் கையைத் தேய்த்து முடித்து, திருப்பிப் போட்டு, மறு கையைத் தேய்த்தார்.

"அது தெரியும்மா" என்றார்.

எது தெரியும் என்று கேட்டேன். பெரியப்பா மகன் என்று யாரும் இல்லை என்பது, தம்பி கடைக்கு வர ஆரம்பித்த இரண்டாவது வாரமே தெரியுமாம். அவனே சொல்லிவிட்டானாம், காதில் குரல் கேட்டது உட்பட. மளிகைக்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஏழு வருஷமாக என்னை வைத்து வேடிக்கை பார்த்தீர்களா என்று கத்திவிட்டேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வேடிக்கை இல்லம்மா. தம்பிதான் கேட்டுக்கிட்டாரு. அக்கா அந்தக் கதையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, தானா விடற வரைக்கும் யாரும் மறுத்துப் பேசிடாதீங்க, சிரிச்சுடாதீங்கன்னாரு. தெருவுக்குப் புதுசா யார் குடி வந்தாலும் மொதல்ல போய் அதைத்தான் சொல்லிட்டு வருவோம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். எத்தனை நாள் பழக்கம் என்ற இடத்தில் ஆறு வருஷம் என்று எழுதினார். இவர் யார் என்று தெரியுமா என்ற இடத்தில், நல்லா தெரியும் என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார். நான் தேய்க்காத துணி மூட்டை மேல் உட்கார்ந்து, அசிங்கமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

அவர் வெளியே தலையை நீட்டி எதிரே மளிகைக் கடையைப் பார்த்து, அந்தம்மா சொல்லிட்டாங்க என்று குரல் கொடுத்தார். மளிகைக்காரர் பாதி நிறுத்த பருப்பை அப்படியே தராசில் விட்டுவிட்டு வந்தார். எதிர்வீட்டு அம்மா ஈரக் கையோடு வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆளைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்றார்கள். யாரோ குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு அம்மா என் பக்கத்தில் குனிந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லைங்க" என்றேன்.